தறிக்குழிப் பாம்பு இல்லாத ஊர்கள்

ஐயா,

மண்ணுக்குள் வாழும் சிறு குருட்டுப் பாம்பைப் பற்றித் தாங்கள் மாதப் பத்திரிகையில் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை ஊன்றிப் படித்தேன். அதன் உருவத்தையும் குணத்தையும் குறித்துத் தாங்கள் எழுதியவற்றில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஆனால் முடிவில், இப்பாம்பு சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உண்டு என்றும், இடைப்பட்ட சேலம், நாமக்கல் சமவெளியில் இல்லை என்றும், அங்குள்ள ஊர்களில் நேரில் விசாரித்தும் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை என்றும் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே எழுந்து போனேன். அங்கேயே இருந்திருந்தால் அதைக் கிழித்திருப்பேன். பத்திரிகை வாசகசாலைக்குச் சொந்தமானது.

விசாரித்தேன் என்கிறீர்கள். நானும் விசாரித்தவன். இதே பாம்பை, இதே சமவெளியில், ஒரு கோடை முழுவதும் செருப்புத் தேய விசாரித்தேன். எங்கள் ஜில்லாவில் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி விசாரிப்பதில் என்ன பயன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் அல்லன். தறியில் உட்கார்ந்து கிடைத்ததைப் படித்துத் தேறியவன். ஆகையால் நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை.

நான் பிறந்தது சேலம் நகரத்தின் நெசவாளர் தெரு ஒன்றில். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்பவர் தரையில் உட்கார்ந்து, முழங்கால் ஆழமுள்ள குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, அங்குள்ள மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வது. எங்கள் ஊர்க் கோடையின் காய்ச்சலைத் தாங்கள் அறிவீர்கள். அந்த வெயிலில் மெல்லிய நூல் முறுகிப் பட்டுப் பட்டென்று அறும். அதற்காக நாங்கள் குழியின் சுவர்களில் காலையும் பகலும் தண்ணீர் தெளிப்போம். அடியில் ஈர மணல் போட்டு வைப்போம். தெருக்கிணறு வற்றிக் குடிக்கும் நீருக்குப் பெண்கள் குடத்தோடு சண்டையிடும் நாளிலும் குழிக்கு நீர் தவறாது. ஆக, ஊரே வெந்து கிடக்கும்போது ஈரம் காயாத மண் எங்கே உண்டென்றால், வீட்டுக்கு வீடு தறிக்குழியில் உண்டு. ஈர மண்ணுக்கு எறும்பும் கரையானும் வரும். அவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்று பிழைக்கும் பிராணியும் பின்னாலேயே வரும். இதைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது எங்கள் ஊரில் எப்படி இல்லாமல் போகும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

எங்கள் குழியில் இருந்தது இப்படி இருந்தது: ஒரு சாண் நீளம், சணல் கயிற்றின் பருமன், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கரும்பழுப்பு நிறம். தலை எது, வால் எது என்பது நின்று பார்த்தால்தான் விளங்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் செதிலுக்கு அடியில் ஊசிமுனை போன்ற ஒரு புள்ளி. வால் நுனியில் ஒரு குறுமுள். கையில் எடுத்தால் அந்த முள்ளை ஊன்றிக்கொண்டு நழுவப் பார்க்குமே தவிர, கடிக்க அதன் வாய்க்கு வகையில்லை. விஷமும் இல்லை. இத்தனை சாதுவான ஒரு பிராணியைப் பற்றி எங்கள் ஜனங்கள் சொல்லாத கதை கிடையாது. உறங்குபவர் காதில் புகும் என்பார்கள். நல்லபாம்பின் குட்டி என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நெசவாளர் தெருக்களில் ஒரு பேச்சு உண்டு: கல்யாணமாகாத பெண்ணின் கையில் இது பட்டுவிட்டால், அவள் வாழப்போகும் வீட்டில் தறி ஓடாதாம். இந்தக் கடைசிப் பேச்சைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதனால் வந்தது.

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். என் தங்கைக்குக் குமாரபாளையத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் சம்பந்தம் பேசி, வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி முடித்திருந்தோம். பையன் நல்லவன். தங்கைக்கும் பிடித்திருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் குமாரபாளையத்து ஆள் யாராவது வந்தால் கேட்காமலே மோர் கிடைத்தது. ஆனி மாதத்தில் கல்யாணம் என்று ஏற்பாடு.

அப்பா தறியில் உட்காருமுன் குழியிலுள்ள பஞ்சுத் தூசியை அள்ளுவது தங்கையின் காலை வேலை. அன்றும் குழிக்குள் இறங்கியவள், மிதிக்கட்டையில் கட்டிய கயிறு அறுந்து கிடப்பதாக நினைத்து அதைக் கையில் எடுத்தாள். எதிர்வீட்டு அத்தை அப்போது கஞ்சிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசற்படியில் நின்றிருந்தார். உறவு முறையில் அத்தை அல்லர்; தெரு முழுவதற்கும் அத்தை.

"அண்ணே, இங்க வாயேன். இந்தக் கயிறு நெளியுது" என்றாள் தங்கை.

அத்தை எட்டிப் பார்த்தார். பானை கீழே விழுந்து உடைந்தது.

"ஐயையோ, போடுடி கீழ! நாகக்குட்டிடி அது!"

"இதுக்குப் படமே இல்லையே அத்தை."

"குட்டிக்கு எங்கேருந்துடி படம் வரும்? நீ பொறக்கறப்பவே பல்லோடவா பொறந்த?"

நான் ஓடிப்போய்ப் பார்த்து, இது குருட்டுப் பாம்பு, மண்புழுவுக்கு அண்ணன் முறை, ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? நான் அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதற்குள் அத்தை தெருவில் பாதி வீடுகளுக்குச் சொல்லியாயிற்று. அடுத்த நாழிகையில் ஒரு சொம்புப் பாலோடு வந்துவிட்டார்.

"தாயி, தெரியாம தொட்டுட்டா, சின்னப் புள்ள. கோவிச்சுக்காத" என்று சொல்லிக் குழியின் ஓரத்தில் பாலை ஊற்றினார். பிறகு கொஞ்சம் சர்க்கரை. பிறகு, விட்டுப்போகக் கூடாதென்று, பச்சரிசி மாவும் வெல்லமும். என் அம்மா கைகூப்பி நின்றாள். நீளவாக்கில் கட்டும் பாவு நூல் தறியில் ஏறி ஆயத்தமாக இருந்தது. அப்பா அன்று தறியில் உட்காரவில்லை.

செய்தி குமாரபாளையத்துக்கு எங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. நூல் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகள் எங்கள் பக்கத்தில் எதை ஏற்றாவிட்டாலும் பேச்சை ஏற்றாமல் போகமாட்டா. பையனின் தகப்பனார் புறப்பட்டு வந்தார். மரியாதையான மனிதர். எங்கள் பாயில் உட்கார்ந்து, மேல்துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வெகு நேரம் மழையில்லாமையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு சொன்னார்:

"நான் இதெல்லாம் நம்புற ஆளில்லீங்க. ஆனா எங்கூட்ல பொம்பளைங்க இருக்காங்க பாருங்க."

அப்பா தலையாட்டினார். அவருக்கு வேறு வழியில்லை.

"அது மண்ணுல எங்கயும் இருக்கறதுதான்னா எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்கூட்டுக் குழிக்கு மட்டும் தேடி வந்துச்சுன்னா, அது வேற சங்கதி. வேற ஊட்டுக்காரர் யாராச்சும் ஒருத்தர், 'எங்க குழியிலயும் இருக்குதுங்க'ன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும். ஆனியிலயே முடிச்சுப்புடலாம். இல்லீன்னா... ஆடி பொறந்துருச்சுன்னா நாங்களும் வேற எடம் பாக்கோணும். பையனுக்கு வயசு ஏறுது பாருங்க."

"ஒருத்தர் என்னங்க? ஊரையே கூட்டிக்கிட்டு வாரேன்" என்றேன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். உலகத்தில் இதைவிடச் சுலபமான காரியம் இல்லை என்று நினைத்தேன். ஈரக் குழி உள்ள வீடுகள் எத்தனையோ இருக்க, ஒருவரும் கண்டதில்லை என்றா சொல்லப் போகிறார்கள்?

சொன்னார்கள், ஐயா. ஒருவர் விடாமல் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் தொடங்கினேன். பக்கத்து வீட்டில் இல்லை. அதற்கடுத்த வீட்டில் இல்லை. ஒரு வீட்டில், நான் கேட்டு முடிப்பதற்கு முன்னே "இல்லை" என்றார்கள். என்ன கேட்கப் போகிறேன் என்பது எப்படித் தெரிந்ததோ. அத்தையின் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டுக் குழியின் ஓரத்தில் சாம்பல் ஒரு கோடாகப் போடப்பட்டிருந்ததை வாசலிலிருந்தே பார்த்தேன். சாம்பல் எதற்கு என்று கேட்டதற்கு, "கொசுவுக்கு" என்றார்.

பிறகு அயோத்தியாப்பட்டணம் போனேன். அங்கே அப்பாவுக்குத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தறி வைத்திருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல அந்தப் பாம்பு கெடையாதுப்பா."

"எப்படி இருக்கும்னு நான் இன்னும் சொல்லலியே மாமா."

"எப்படி இருந்தா என்ன? கருஞ்செவப்பா, வழவழன்னு, வால்ல முள்ளு வெச்சுக்கிட்டு. அந்த மாதிரி எதுவும் இங்க கெடையாது."

"முள்ளு இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லக் கேள்விதான்" என்று சொல்லிவிட்டு, தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

அதே சாலையில் இன்னும் கிழக்கே வாழப்பாடி போனேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் நெசவாளர் அல்லர், நிலக்கடலை பயிரிடும் விவசாயி. நெசவு வீட்டுப் பேச்சின் பயம் அவருக்கு இருக்காது, மனம்விட்டுச் சொல்வார் என்று எண்ணினேன். அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையின் மண் நசநசவென்று ஈரமாக இருந்தது. எருக்குழி பக்கத்திலேயே இருந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"இங்கயெல்லாம் அது வராதுங்க" என்றார். "வந்தா மொறத்துல அள்ளி வேலிக்கு அந்தாண்ட வீசிடுவோம்."

"அப்படின்னா வருமா?"

"வராதுன்றேனே."

"வேலிக்கு அந்தாண்ட யார் நிலம்?"

"என் பங்காளிது. அவன் நிலத்துல நெறைய உண்டு."

பங்காளியிடம் போனேன். அவர் அதற்கு நேர் எதிராகச் சொன்னார். இருவரையும் ஒரு வண்டியில் ஏற்றிக் குமாரபாளையம் கொண்டுபோக முடியுமா என்று யோசித்தேன். வரப்புத் தகராறில் அவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது.

கடைசியாக ராசிபுரம். அங்கே நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில், திண்மையான உடம்புள்ள ஓர் அம்மாள் தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பெண்கள் குச்சிகளில் ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வந்த காரியத்தைப் பணிவாகத்தான் சொன்னேன். பெண்களுள் கடைக்குட்டி, "அம்மா, நம்ம குழியில அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாள். மற்ற இருவரும் ஒரே சமயத்தில் அவள் வாயைப் பொத்தினார்கள்.

அம்மாள் எழுந்து வந்தார். "ஏனுங்க தம்பி, உங்க தங்கச்சிக்கு வந்ததை எங்க தெருவுல எறக்கி வெச்சுட்டுப் போலாம்னு வந்தீங்களா? மூணு பொண்ணு வெச்சிருக்கறனுங்க நானு. போயிட்டு வாங்க, சாமி."

கதவு சாத்தப்பட்டது. அப்போதுதான் எனக்குக் காரியம் விளங்கியது. பெண் இருக்கும் வீட்டில் பாம்பு இராது. பெண் இல்லாத வீட்டில், அண்ணன் தம்பி வீட்டுப் பெண்ணுக்காக இராது. எந்த வீட்டில்தான் பெண் இல்லை?

வீடு திரும்பினால், அங்கே குழியைச் சுற்றிப் பால் தேங்கி, காய்ந்து, மறுபடி தேங்கிப் புளித்த நாற்றம் அடித்தது. நான் ஊர் சுற்றிய நாட்களில் அத்தையின் யோசனைப்படி தெருவே முறை வைத்துக்கொண்டு பால் ஊற்றியிருக்கிறது. சர்க்கரையும் வெல்ல மாவும் தனி. சேலம் நகரத்து எறும்புகள் அத்தனைக்கும் எங்கள் வீட்டில் விருந்து. சாரை சாரையாக வந்து, குழிச் சுவரில் வளை தோண்டி, வெள்ளை வெள்ளையாக முட்டையை அடுக்கியிருந்தன. ஒன்றாக இருந்த பாம்பு இப்போது குழியின் நாலு மூலையிலும் இருந்தது.

"பாத்தியா? பால் ஊத்த ஊத்த வருதுங்க. எத்தனை கோவமோ!" என்றார் அத்தை. மறுநாள் பாலை இரட்டிப்பாக்கச் சொன்னார்.

நான் ஒரு மண்சட்டியில் ஈர மண்ணைப் போட்டு, பாம்புகளில் ஒன்றை எடுத்து அதில் விட்டு, எறும்பு முட்டையைக் கொஞ்சம் அள்ளிப் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் முட்டை இல்லை. பால் வைத்துப் பார்த்தேன். பால் அப்படியே இருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். "பாலுக்கு எறும்பு வருது, எறும்புக்குப் பாம்பு வருது. பாலை நிறுத்தினா எல்லாம் போயிடும்பா" என்றேன்.

அப்பா சட்டிக்குள் நெடுநேரம் பார்த்தார். அவர் புத்திசாலி. நான் சொன்னது அவருக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிதான். ஆனா ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தினா, நாளைக்குக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா, பாலை நிறுத்துனதாலதான்னு உங்கம்மா சாகற வரைக்கும் சொல்லுவா. நீ கேட்டுக்கறியா, நான் கேட்கட்டுமா?" என்றார்.

பால் தொடர்ந்தது.

தங்கை இத்தனை நாளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அன்று தார்க்குச்சிகளைக் கூடையில் போட்டபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "ஏண்ணே, நீ போன ஊர்ல எல்லாம் என்ன சொன்ன? எங்க வீட்டுக் குழியில பாம்பு இருக்குது, என் தங்கச்சி கையில எடுத்துட்டா, உங்க வீட்ல இருக்குதான்னுதானே கேட்ட?"

"ஆமா."

"சேலத்தோடயும் குமாரபாளையத்தோடயும் நின்னிருக்கும். இப்ப வாழப்பாடி வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்து பாதி சென்றது. சாட்சி சொல்ல ஓர் ஆளும் கிடைக்கவில்லை. ஒரு பிற்பகல் குமாரபாளையத்திலிருந்து பையனின் தாயும் தகப்பனாரும் வந்து இறங்கினார்கள். தகப்பனாரின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் எங்கள் பித்தளைத் தட்டின் விளிம்பு தெரிந்தது. மாற்றிய தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை தறியறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பையனின் தாயார் நல்ல உயரம். குரல் கணீரென்று இருக்கும்.

"ஏனுங்க சம்பந்தி, இதுல வருத்தப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று அவர் ஆரம்பித்தபோது இடி இடித்தது.

அந்த வருஷத்தின் முதல் பெருமழை அது. தெருவே தெரியாதபடி கொட்டியது. அத்தனை நாள் காய்ந்து வெடித்திருந்த மண் ஒரே மூச்சில் குடித்து, குடித்தது போக மீதியைத் தெருவில் விட்டது. மழை சற்றுத் தணிந்து நாங்கள் வாசலுக்கு வந்து பார்த்தபோது, ஒவ்வொரு வீட்டுச் சாக்கடைத் துவாரத்திலிருந்தும், ஒவ்வொரு சுவரின் அடியிலிருந்தும், கரும்பழுப்புக் கயிறுகள் நெளிந்து வெளியே வந்துகொண்டிருந்தன. வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அவை வேறு எங்கே போகும்? எதிர்வீட்டுச் சாக்கடையிலிருந்து வந்தவைதாம் அதிகம்.

பட்டப்பகல். தெருவில் எல்லாப் பெண்களும் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தள்ளியதை அடுத்தவர் திருப்பித் தள்ளினார்.

"உங்கூட்டுது, இங்க ஏன் தள்ளற?"

"எங்கூட்டுதா? உங்கூட்டு ஓட்டைலேருந்து வர்றத ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"எங்க வீட்ல ஏது பாம்பு? உன் நாக்கு அழுக!"

அத்தை மட்டும் சத்தம் போடாமல் மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பாம்பு எங்கள் வாசற்படியில் ஏறியது. பையனின் தாயார் படியில்தான் நின்றிருந்தார். என் அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்: "பொண்ணு மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டோமுங்க. நாளைக்கே நல்ல எடமா..." பேச்சு நிற்கவேயில்லை. ஆனால் கை பின்னால் போய்ச் சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தது. தலைகீழாகத் திருப்பியது. அடிக்கட்டையைப் பாம்பின் வால் பக்கம் கொடுக்காமல் நடு உடம்பில் கொடுத்து, அது சுற்றிக்கொள்ளும் வரை பொறுத்து, ஒரு சுண்டு. பாம்பு சாக்கடைக்கு அப்பால் போய் விழுந்தது. விளக்குமாற்றைப் படியில் ஒரு தட்டுத் தட்டி, எடுத்த இடத்திலேயே சாய்த்தார். கால்விரலால் சேலைக் கரையை ஒதுக்கிக்கொண்டார். "...அமையாமயா போயிரும்?" என்று பேச்சை முடித்தார்.

நான் அதைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். தங்கைதான் பேசினாள். கதவைப் பிடித்த கையை எடுக்காமல், பையனின் தாயாரை மரியாதையாகக் கேட்டாள்:

"வால்ல முள்ளு இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுங்க அத்தை?"

பையனின் தகப்பனாருக்கு இருமல் வந்தது. தாயார் என் தங்கையை மேலும் கீழுமாகப் பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா என்று எனக்கு விளங்கவில்லை. தெருவில் சண்டை நடந்துகொண்டே இருந்தது.

"வாயி இருக்குது புள்ளைக்கு" என்றார் கடைசியில். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "என்னத்துக்குங்க அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? பையைக் கட்டி வைங்க, தட்டு நம்மகிட்டயே இருக்கட்டும். மழை வந்துருக்குது, நல்ல சகுனம்" என்றார்.

தகப்பனார் பையின் வாயைக் கட்டினார். அவ்வளவுதான். மாதக் கணக்காக நான் அலைந்து கிடைக்காதது ஒரு விளக்குமாற்றில் கிடைத்தது.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் பட்ட பாடு அப்படி. "அப்படின்னா உங்க வீட்டுக் குழியிலயும் இருக்குதுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எங்கூட்லயா?" என்று அவர் நிமிர்ந்தார். "எங்கூட்ல ஏதுங்க தம்பி பாம்பு?"

அந்தச் சமயத்தில் அத்தை விளக்குமாற்றோடு தெருவைக் கடந்து வந்து சேர்ந்தார். "பாத்தீங்களா? ஊத்துன பால் வீண் போகல. எல்லாம் எறங்கி வெளிய போயிருச்சு!" என்றார்.

"ஆமாங்க. பால்தானுங்க" என்றார் பையனின் தாயார், கொஞ்சமும் தாமதிக்காமல். "தோசம் கழிஞ்சுருச்சுங்க."

கல்யாணம் அந்த ஆனியிலேயே நடந்தது. பந்தலில் யார் கேட்டாலும், பெண் வீட்டில் நாகம் வந்ததென்றும், பால் ஊற்றி அனுப்பி வைத்தார்களென்றும் சொன்னார்கள். குருட்டுப் பாம்பு என்ற பேச்சை எடுத்தவன் நான் ஒருவனே. என்னைச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கும்படி அப்பா அனுப்பிவிட்டார். அதன்பின் எங்கள் தெருவில் குழியில் பாம்பு தென்பட்டால் பால் ஊற்றுவது முறையாகவே ஆகிவிட்டது. அதன் பலனையும் சொல்ல வேண்டியதில்லை.

தங்கை குமாரபாளையத்தில் நன்றாக வாழ்கிறாள். அவள் போன வீட்டில் தறி ஓடாமல் இருந்ததில்லை. இப்போது சர்க்காரின் நூல் பங்கீட்டுத் தட்டுப்பாட்டினால் சில நாள் ஓய்ந்திருக்கிறதே தவிர, பாம்பினால் அல்ல. நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்: காலையில் யாரும் எழுமுன் அவள் குழியில் இறங்குவாள், விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடிப்பாள், ஒரு சுண்டு. மாமியார் கற்றுக்கொடுத்தது.

தங்கள் கட்டுரையைப் படித்ததும் நான் நேரே அவளிடம்தான் போனேன். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் பத்திரிகையில் எழுதியிருந்ததைச் சொன்னேன். உன் வீட்டுக் குழியில் இருக்கிறதென்று நான் எழுதப் போகிறேன், பெயர் போடமாட்டேன், தெருவை மட்டும் குறிப்பிடுகிறேன் என்றேன். அவள் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"எங்கூட்லயா? எங்கூட்ல ஏதுண்ணே பாம்பு?"

அதே சொல், அதே நிமிர்வு.

"காலைல நீ எடுத்துப் போட்டதை நான் பாத்தேன்."

"அது மண்புழு."

"நீயா இப்படிச் சொல்ற? அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவ நீதானே?"

அவள் அறைக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் மகள் அடுப்படியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது.

"தை மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க அண்ணே" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்ம பொறந்த ஊட்டைப் பத்தி எழுதிக்க. அங்க இப்ப பொண்ணு யாரும் இல்ல. என் ஊட்டை எழுதாதே. எழுதுனியினா இந்தப் பக்கம் வராதே."

அந்தப் பாம்பினால் தன் வாழ்வே போக இருந்தவள் சொல்கிறாள் இதை. எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். ஈரோட்டுச் சாலை தாண்டுவதற்குள் அவள் சொன்னதில் தவறு காண முடியாமல் போனதுதான் இன்னும் எரிச்சல். தையில் வருகிறவர்கள் என்னைக் கேட்டால், நானும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆகையால், ஐயா, குமாரபாளையத்தில் எந்தத் தெரு என்று கேட்க வேண்டாம். தாங்கள் விசாரித்த ஊர்களில் 'இல்லை' என்று சொன்னவர்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெறுமனே இல்லை என்றவர்கள் உண்மையாகவே காணாதவர்களாக இருக்கலாம். ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு, அதன் நிறத்தைச் சொன்னவர், வால்முள்ளைச் சொன்னவர், என்ன போட்டால் அது போகும் என்று சொன்னவர், பக்கத்து வீட்டில் உண்டு என்றவர், தங்களிடம் கதவைச் சாத்தியவர் — இவர்கள் இருந்த ஊர்களையெல்லாம் பாம்பு உள்ள ஊர்களாகவே குறித்துக்கொள்ளலாம். சேலம் நகரம், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ராசிபுரம் ஆகிய இடங்களுக்கு நான் பொறுப்பு. எங்கள் பழைய வீட்டுக் குழியில் அது இன்றைக்கும் இருக்கிறது. தாங்கள் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

இதைத் தாங்கள் அச்சிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போது அச்சிடவும் வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். தங்கள் குறிப்புகளோடு சேர்த்து இதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.